இழுப்பும் இறால் வியாபாரமும்

என் மனைவிக்கு மூச்சிழுப்பு நோய். பழவேற்காடு ஏரியில் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். நான் அப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். ஆறு நாள் அங்கே, ஒரு நாள் எங்கள் ஊரான தோணிரேவில். அந்த வேலை எனக்குப் பிடித்ததே இல்லை. ஆனால் தொழிலாளி குடும்பத்துக்கு வைத்தியம் பார்க்க ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினால் ஊசி, மாத்திரை எல்லாம் இலவசம். அந்த அட்டைக்காகவே போய் வந்தேன்.

எழுபதுகளின் நடுவில் என் மைத்துனன் வந்தான். ஏரி இறாலை வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு மெட்ராசுக்கு அனுப்பலாம், கூட்டு சேர்ந்துகொள் என்றான். கரையில் எல்லாரையும் எனக்குத் தெரியும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வேலையை விட்டால் அட்டை போய்விடும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு அவன் போனதும் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"நாளைக்கு ஊரு இன்னா சொல்லும்? நோயாளிப் பொண்டாட்டியால முன்னுக்கு வரலன்னு சொல்லும். என்னைக் காரணம் காட்டாத."

"உனக்கு மூச்சு முட்டுனா நான் எங்க ஓடுவேன்?" என்றேன்.

அவள் மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டாள். மைத்துனன் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டான்.

எண்பதுகளில் பக்கத்து ஊருக்கு அரசு சுகாதார நிலையம் வந்தது. உடனே நம்பிவிடவில்லை. சில மாதங்கள் அவளை அனுப்பிப் பார்த்தேன். மாத்திரை கிடைத்தது. ஒருநாள் நானே போய், இதை நம்பி வேலையை விடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சில மாசங்கள்ல மாத்திரை வர தாமதமாகும். ஊசி எப்பவும் கைவசம் வச்சிருப்பேன்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வேலையை விடும்போது வயது நாற்பத்தைந்து. ஐஸ் பெட்டியைத் தூக்கினால் தோள் வலித்தது. மைத்துனன் பழைய பெட்டிகள் இரண்டைக் கொடுத்தான், கூட்டுக்குக் கூப்பிடவில்லை. நல்ல படகுகளெல்லாம் ஏற்கெனவே மற்ற வியாபாரிகளுக்கு வாடிக்கையாகியிருந்தன. மிச்சம் மீதிதான் எனக்கு வந்தது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. அதற்கு மேல் வியாபாரம் வளரவுமில்லை.

ஒரு மழைக்காலக் காலையில் அவளுக்கு மூச்சு அடைத்தது. சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். ஊசி போட்டார்கள். மத்தியானம் கஞ்சி குடித்தாள்.

"இறால் எடுக்கப் போவலியா?" என்று கேட்டாள்.

போனேன். படகுக்காரர்கள் விற்றுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். பத்து வருஷம் முன்பே அந்த ஊசி இங்கே கிடைத்திருந்தால் என்று நினைத்தபடி, காலிப் பெட்டிமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.