சனிக்கிழமை வரை தாங்க வேண்டிய பழங்கள்

போன வாரம் என் வீட்டுப் பின்னறையில் நாற்பத்திரண்டு முலாம்பழங்கள் தங்கியிருந்தன. என்னுடையவை அல்ல. போலகத்து அந்தோணியம்மாவுடையவை.

தலத்தெருவில் எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷமாகக் காய்கறி கொண்டுவருபவர். கணவருக்குக் கால் ஒடிந்து இரண்டு மாதம். இந்த ஒரு காய்ப்புதான் வீட்டைத் தாங்குகிறது. ரேடியோவில் மழை என்றதும் புதன்கிழமையே பறித்துவிட்டார். விற்க வேண்டியதோ திருநள்ளாற்றில், சனிக்கிழமைக் கூட்டத்தில். நடுவில் மூன்று நாள்... அவர் வீடு ஒழுகும். என் பின்னறையில் ஈரமில்லை, காற்று வரும்.

வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று படாமல், காம்போடு அடுக்கினார். ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் சார். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

முப்பத்தொரு வருஷம் வகுப்பில் தலை எண்ணியவனால் அப்படி விட முடியுமா?

வியாழன் காலை எண்ணினேன் — நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன் — நாற்பத்து மூன்று. பிறத்தியார் பொருள், குறைந்தால் என்ன பதில் சொல்வது? சாக்பீஸால் நம்பர் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது. மண்ணின் மேல் எழுத்து நிற்கவில்லை. ஈரத் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்து, ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை நம்பர் போட்டேன். வைக்கோலும் நனைந்தது.

"ஏங்க, அவங்க தொடாம இருக்கத்தானே சொன்னாங்க?" என்றாள் என் மனைவி. சுத்தம் நல்லதுதானே என்றேன்.

வெள்ளிக்கிழமை அறையில் வாடை மாறியிருந்தது. பழுக்கிற வாசனை என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

சனி காலை அந்தோணியம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துல சேத்துட்டீங்களா?"

சிரித்தபடி ஒரு பழத்தை எடுத்தார். காம்படியில் விரல் இறங்கியது. சிரிப்பு நின்றது.

நடந்ததைச் சொன்னேன். ஈரம் பட்டால் காம்படியில் பூசணம் பிடிக்கும் என்றார், கோபமே இல்லாமல். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதினோரு பழங்களை ஒவ்வொன்றாக முகர்ந்து ஓரமாக ஒதுக்கினார். கடைசிப் பழத்தை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

துடைத்ததும் நம்பர் போட்டதும் யாருக்காக? பழத்துக்காக இல்லை — என் கவலை அடங்குவதற்காக. ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணயர்ந்த நோயாளியை எழுப்பித் தலையணையைச் சரிசெய்கிறோமே... அதுவும் இந்த ரகம்தான். செய்தது நமக்கு நிம்மதி. பாடு அவருக்கு.

பஸ் நிறுத்தம் வரை கூடையின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். பஸ் வந்தபோதுதான் சொன்னார்.

"செவ்வாக்கெழம அடுத்த பறிப்பு சார். ஒங்க வீட்லதான் வைப்பேன், வேற எடம் ஏது எனக்கு?" ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். "அறைச் சாவிய மட்டும் அம்மாட்ட குடுத்துருங்க."

மனைவியிடம் கொடுத்துவிட்டேன். செவ்வாயன்று வந்த பழங்கள் இன்றுவரை சௌக்கியம். நான்தான் கொஞ்சம் வாடிப்போயிருக்கிறேன்.