குன்றின்மேல் ஏரி மண்

குன்று என்றதும் ஊட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரியுமே, பாறையும் முட்புதருமாக, அதுபோல ஒன்று. அதன் சரிவில் எந்த இடம் பயிருக்கு, எந்த இடம் மரம் வளர்க்க என்று மண்ணைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல என்னை அனுப்பியிருந்தார்கள். பயிருக்கு ஏற்றது என்று வந்தால், அங்கே பாடுபடுகிறவர்களுக்குப் பட்டா கிடைக்க வழியுண்டு. இல்லையென்றால் வேலி போட்டு மரக்கன்று நட்டுவிடுவார்கள்.

குழி வெட்டச் சொல்லி உள்ளே இறங்குவேன். மண் அடுக்கடுக்காக எப்படி மாறுகிறது என்று பார்ப்பேன். ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரல்களுக்கிடையே நாடாவாக நீட்டுவேன். நீண்டால் களிமண், உதிர்ந்தால் மணல். அந்தச் சரிவு முழுக்க ஒரே கதைதான்: நாலு விரல் செம்மண், கீழே சரளை, அப்புறம் பாறை. எனக்கு அலுத்துப்போயிருந்தது.

மேற்கு மூலையில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு மண். பிசைந்தால் நாடா முறியாமல் நீண்டது. "இது எங்கேருந்து வந்து தொலைஞ்சுது?" என்று குழிக்குள்ளிருந்தே கத்தினேன். புரியாத அடுக்கைக் கண்டால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். கத்தியால் சுரண்டினேன். நத்தை ஓடு ஒன்று விழுந்தது. ஏரி நத்தை!

மேலே குழியோரம் நின்றிருந்த ஒரு அம்மா சிரித்தார். பக்கத்து அணுபுரம் குடியிருப்பில் வீட்டு வேலைக்குப் போகிறவர். அந்த மூலையில் கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தார். நான் வருகிறேன் என்று அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

"இன்னா மேடம், நத்தையப் பாத்து இப்டி முழிக்கிறீங்க? கீழ ஏரில தூர் வாரசொல்ல நானும் எங்க வூட்டுக்காரரும் கூடையில தூக்கினு வந்து கொட்டனது. கோடைக்குக் கோடை இதே பொழப்புதான். பெரியவ பொறக்கசொல்ல ஆரம்பிச்சோம். இப்ப அவ காலேஜ் போய்கினு கீறா."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மண்ணு நல்லாகீதா மேடம்? பட்டா வந்துடுமா?"

நல்ல மண்தான். ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண்ணைச் சேர்க்கக் கூடாது, குன்றின் சொந்த மண்ணைத்தான் வகைப்படுத்த வேண்டும் என்பது விதி. அது முட்டாள் விதியும் அல்ல. கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடிவிட்டு நிலம் என்று காட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. மேலதிகாரியிடம் போனில் சண்டை போட்டேன்.

"மனுஷன் தூக்கிட்டு வந்தா மண், மண் இல்லாம போயிடுமா சார்?"

"அது அந்தக் குன்றோட மண் இல்லேம்மா. பெரிய மழை வந்தா நிக்காது."

"இத்தனை வருஷம் நின்னிருக்கே சார்!"

தனியாக ஒரு குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னார். எழுதினேன். பலிக்கவில்லை. அந்த மூலைக்கும் செம்மண், சரளை, பாறை, பயிருக்கு ஏற்றதல்ல என்றே நான் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதைச் சொல்ல நானே போனேன். அழுவார், என்னைத் திட்டுவார் என்று மனதைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அந்தம்மா ரெண்டும் செய்யவில்லை. நான் சொன்ன காரணத்தைக் கேட்டுவிட்டு, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.

"அப்ப இது இந்த மலையோட மண்ணு இல்லன்றாங்க."

"ஆமாம்மா."

"அப்ப எங்குளுதுதானே? அள்ளிக்கினு போய்டலாமா?"

யோசித்துப் பார்த்தேன், அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. "தாராளமா எடுத்துக்கோங்கம்மா" என்றேன்.

வேலி போடுவதற்கு முன்னால் சரிபார்க்க மறுபடி போக வேண்டியிருந்தது. அடிவாரத்தில் அந்தம்மா வீட்டு வாசலிலும் கொல்லையிலும் சிமெண்ட் பைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கறுப்பு மண், மிளகாய்ச் செடி. வீடு பூட்டியிருந்தது. மேலே ஏறினேன். மேற்கு மூலையைத் துடைப்பம் போட்டுப் பெருக்கின மாதிரி சுத்தமாக அள்ளியிருந்தார்கள். தேடித்தேடிப் பார்த்தேன், ஒரு நத்தை ஓடுகூட இல்லை. நாலு விரல் செம்மண், சரளை, பாறை. நான் எழுதிக் கொடுத்தது இப்போது அப்படியே சரியாக இருந்தது.