சுமைதாங்கிக் கல்லுக்கு நான் எழுதிய வரி

கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கப் போகிறவனுக்குத் தெரிகிற ஊர் அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது. குற்றாலத்தில் சில வருஷம் சுற்றினேன், பிறகு அச்சன்புதூர் பக்கம் மாற்றினார்கள். சீசன் முடிந்து பூட்டியவர்கள் திரும்பி வராத பங்களாக்கள், கூரை போன சத்திரம், ஆலமரம் விழுங்கிய மண்டபம் எல்லாம் எனக்கு அத்துப்படி. கார்டில் ‘டோர் லாக்’ என்று குறித்துவிட்டு, செல்போனில் நாலு படம் எடுத்துக்கொள்வேன். யாரும் அறியாத இடங்களைப் பற்றி முகநூலில் ஒரு குழு இருக்கிறது. படத்தை அதில் போட்டு, கீழே கொஞ்சம் எழுதுவேன். நன்றாக எழுதுகிறேன் என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அதில்தான் எனக்குத் தலைகால் புரியாமல் போயிற்று.

என் மனைவி எட்டு மாதக் கர்ப்பத்தில் இறந்தாள். ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்தது. விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையும் அவளோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நானும் அவளைப் பெற்ற அத்தையும் மட்டும்தான். அத்தைக்கு இவள் ஒரே பிள்ளை.

பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை ஒன்று கேட்டார். பாதையோரம் அவள் பேரில் சுமைதாங்கி வைக்க வேண்டும். தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு நடந்து போகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் அதில் சுமையை இறக்கி மூச்சு வாங்கலாம். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே செத்தவளுக்கு, வழியே போகிறவர்கள் இறக்கி வைக்கும் ஒவ்வொரு சுமையிலும் பாரம் குறையும் என்பது அத்தையின் நம்பிக்கை.

எனக்கு அப்போது யாரைப் பார்த்தாலும் எரிச்சல். “இப்ப தலையில எவ சுமக்குதா, அத்தை? எல்லாம் லோடு ஆட்டோவுல போகுது” என்றேன். அவர் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். அந்தப் பேச்சுக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இன்றைக்கும் இருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து, ஒரு தோப்பு வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனபோது குறுக்கு வழி என்று பழைய வண்டிப்பாதையில் வண்டியை விட்டேன். தார்ச்சாலை வந்த பிறகு யாரும் நடக்காத பாதை. முள் நிறைந்த உடைமரங்களுக்கு நடுவே ஒரு சுமைதாங்கி நின்றது. பலகைக் கல்லில் எழுத்து இருந்தது. முன்னாலும் பின்னாலும் தேய்ந்துபோய், ‘ம்மாள் ஞாபகார்த்தம்’ என்பது மட்டும் மிச்சம். எந்த அம்மாளோ, எந்தக் காலமோ. யாருடைய பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த மாதிரி இருந்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அத்தையைக் கூட்டிப் போனேன். அவர் கல்லைத் தடவிப் பார்த்தார், குங்குமம் வைத்தார். நானும் கும்பிட்டேன். புதுக்கல் வைக்க வேண்டாம், இவளும் எம்மவதான் என்று அவரே சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவள் திதியன்று, சின்னச் சாக்கில் அரிசி கட்டிக்கொண்டு வருவார். வண்டியில் வைக்கச் சொன்னால் கேட்க மாட்டார். தார்ச்சாலையில் இறங்கி, சாக்கைத் தலையில் ஏற்றி, அந்தப் பாதை முழுக்க நடப்பார். கல்லில் தள்ளிவிட்டு, “இறக்கியாச்சுட்டீ” என்பார். அன்றைக்கு ஒரு நாள் அவர் முகம் தெளிந்திருக்கும். எனக்கும் ராத்திரி தூக்கம் வரும்.

இதை நான் அப்படியே விட்டிருக்க வேண்டும். போன வருஷம் ஒரு நாள் குழுவில் போட எதுவும் கையில் இல்லை. அந்தக் கல்லின் படத்தைப் போட்டேன். கீழே, ‘இதன் அடியில் ஒரு பெண்ணின் கதை புதைந்து கிடக்கிறது’ என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். இதயங்கள் குவிந்தன. இடம் எங்கே அண்ணாச்சி, லொக்கேஷன் போடுங்க என்றார்கள். போட்டேன். ஒருவன் எத்தனை அடி ஆழம் இருக்கும் என்று கேட்டிருந்தான். கேலி பண்ணுகிறான் என்று நினைத்து ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினேன்.

இந்த வருஷத் திதிக்குப் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அத்தை சாக்கைத் தலையில் வைத்து முன்னால் நடந்தார். உடைமரம் தாண்டியதும் நின்றுவிட்டார்.

கல் நின்ற இடத்தில் ஆள் இறங்குகிற ஆழத்துக்குக் குழி. நட்ட கற்கள் இரண்டும் சாய்ந்து கிடந்தன. பலகைக் கல்லுக்குள்ளும் ஏதோ இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள், நாலு துண்டாக உடைத்திருந்தார்கள். குழியோரம் வெட்டிய எலுமிச்சம்பழம், கோழி இறகு. பூஜை போட்டுத்தான் தோண்டியிருக்கிறார்கள். கதையைத்தான் புதைந்து கிடக்கிறது என்று எழுதினேன். அவர்கள் புதையல் என்று படித்திருக்கிறார்கள். அங்கே நிற்கும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அத்தை தலைச்சுமையோடு அப்படியே நின்றார். கழுத்து வலிக்கும் என்று நான்தான் சாக்கை இறக்கி ஈரத் தரையில் வைத்தேன்.

“இனி எம்மவ எங்கன கொண்டு இறக்குவா?” என்று குழியைப் பார்த்துக் கேட்டார்.

பிறகு குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினார். “இதுக்குக் காரணமானவன் வீட்டுல தொட்டில் கட்டக் கூடாது. அவன் பேரு சொல்ல ஒரு உசுரு மிஞ்சக் கூடாது.”

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அத்தைக்கு இந்த உலகத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கும் அவரை விட்டால் யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்களும் ஒரு கை அள்ளிப் போடுங்க, மருமவனே. பறிகொடுத்தவன் சொன்னாத்தான் பலிக்கும்.”

நான் மண்ணை அள்ளினேன். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லித் தூற்றினேன்.