பட்டியல் நகர்ந்த கிழமைகள்

மகளுக்கு மருத்துவம் படிக்க வேண்டும். நுழைவுச் சோதனையில் அவள் எடுத்த புள்ளிகள், இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலேர்மோவுக்குப் போதவில்லை. காத்திருப்போர் பட்டியல் கிழமைக்குக் கிழமை நகரும், சர்தீனியாத் தீவில் இடம் கிடைக்கலாம் என்றாள். அதுவரை சும்மா இருக்காமல் இங்கே பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் எஞ்சினியரிங்கில் சேர்ந்தாள்.

அவளைப் போலக் காத்திருந்தவர்கள் உயிரியல் எடுத்தார்கள். இவள் ஏன் இதை எடுத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் ஊரில் ஓ.எல்., பதினோராம் வகுப்பு, வரை மட்டுமே படித்தவள். கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர் சந்தையில் கண்டு, "என்ன, டொக்டர் இப்ப பெயின்ற் பக்டரிக்குப் போறாவாம்?" என்று சிரித்தார். நான் தக்காளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து, உந்தப் படிப்பு டொக்டர் படிப்புக்கு உதவுமோ என்று மகளிடம் கேட்டேன்.

"கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் உதவும். இடம் கிடைக்காட்டி இதிலையே வேலை எடுக்கலாம். இஞ்சையே இருக்கலாம், அம்மா."

அந்தக் கடைசி வசனம் எனக்கு இனித்தது. அன்றிலிருந்து, பட்டியல் நகரக் கூடாதென்று ஆசைப்பட்டேன். காலையில் நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் இத்தாலிய அம்மாவின் வீட்டு வேலைக்கும் அவள் வகுப்புக்குமாக ஒன்றாக இறங்கி, நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாப் பகுதியின் ஒழுங்கைகளால் நடப்போம். அவள் டொக்டராகாவிட்டாலும் எனக்கு இது போதும் என்றிருந்தது. ஒரு தாய் அப்படி நினைக்கலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஐந்தாவது கிழமை இடம் வந்தது. அவள் சொல்லவில்லை. கணினியில் சர்தீனியாவின் பெயரைக் கண்டு நானே கேட்டேன்.

"ஓம், வந்தது. வெள்ளிக்குள்ளை சம்மதம் குடுக்கோணும். நான் குடுக்கேல்லை."

"ஏன்?"

"நான் போனா உங்களோடை டொக்டரிட்டை ஆர் வாறது?"

அவளுடைய அப்பா விடியமுன் துறைமுக வேலைக்குப் போய்ப் பின்னேரம் வருகிறவர். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு; இத்தாலிய மொழியும் சரியாக வராது. எட்டு வயதிலிருந்து மருத்துவரிடம் எனக்காகக் கதைத்தவள் அவள்தான். டொக்டராகும் ஆசை அவளுக்கு அந்த அறையில்தான் வந்தது.

வியாழக்கிழமை எனக்கு மருத்துவரைப் பார்க்கத் தவணை. வகுப்பை விட்டு வரவேண்டாம், தனியே போகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. வழிநெடுக இத்தாலிய வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மருத்துவருக்கு முன்னால் பாதி மறந்துபோனது. சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைக் காட்டி, எரிகிறது, நித்திரை இல்லை என்றேன். அவர் மெதுவாகக் கதைத்து, மாத்திரையை மாற்றி எழுதித் தந்தார்.

மகள் பின்னேரம் வந்து அந்தச் சீட்டை இரண்டு தரம் வாசித்தாள்.

"நீங்களே சொன்னீங்களோ?"

"ஓம்."

சீட்டை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு கணினியைத் திறந்து சம்மதம் கொடுத்தாள்.

இப்போது அவள் அங்கே மூன்றாம் ஆண்டு. நான் மருத்துவரிடம் தனியேதான் போய் வருகிறேன். அன்று மருத்துவரிடம் இன்னும் கொஞ்சம் தடுமாறியிருக்கலாமே என்று சில காலைகளில், வேலைக்கு நடக்கும்போது, நினைப்பேன்.