வள்ளத்தில் விளைந்த சலாது

எங்கள் வீட்டில் சலாது விளைந்தது வள்ளத்துக்குள். சிரிக்க வேண்டாம். மன்னார்த் தீவில் மாரி மழை தொடங்கி மண் குளிர்ந்தால்தான் லெட்டூஸ் என்கிற இந்த இலை வரும். ஆனால் நிலத்தில் நட்டால், நான் எழும்புவதற்கு முன்னமே தெருக் கழுதைகள் எழும்பிவிடும். என் வேலி அதுகளின் கண்ணுக்கு வேலியாகத் தெரிவதேயில்லை. ஆகவே, வேப்பமரத்தடியில் கட்டைகளின் மேல் சும்மா கிடந்த எங்கள் பழைய மீன்பிடி வள்ளத்துக்குள் பெரியமடுவிலிருந்து கொண்டுவந்த மண்ணையும் ஆட்டெருவையும் கொட்டி விதைத்தேன்.

ஏன் இந்த வீம்பு என்றால், எல்லாம் தீவுக்கு வெளியே அரிப்பு ஊரில் இருக்கும் என் சம்பந்தியால்தான். மகளின் மாமியார். போன நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்பு விருந்தில், நுவரெலியாச் சலாது வாங்கி வைத்துவிட்டு, "நல்லாச் சாப்பிடுங்கோ மச்சாள். உங்கட தீவில கழுதையைத் தவிர வேற என்ன முளைக்குது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மனுசனும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அடுத்த நத்தாருக்குச் சலாது நான் கொண்டாறன். நீங்கள் வாங்கிப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த இலைக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. ஆனாலும் வாய் கொடுத்தாயிற்று.

எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மகனின் மகள்தான் விதைப் பைக்கற்றை வாசித்தாள். "அப்பம்மா, தண்ணி மட்டும் தேங்கக் கூடாதாம்."

அதற்கென்ன, வள்ளத்தின் பின்பக்கத்தில் தண்ணீர் வடியவிடும் ஓட்டை இருக்கிறதே. அதன் அடைப்புக் கட்டையைப் பிடுங்கி வைத்தேன். மறுநாள் பார்த்தால் கட்டை ஓட்டைக்குள். திரும்பப் பிடுங்கினேன். பின்னேரம் திரும்பவும் உள்ளே.

"இஞ்சேருங்கோ, ஏன் இதை அடைக்கிறியள்?"

"வள்ளத்தில ஓட்டை திறந்து கிடக்குது, பாத்துக்கொண்டு போகச் சொல்லுறியே?"

"அது இப்ப வள்ளமில்லை. தோட்டம்."

"உனக்குத் தோட்டம். கடலுக்குப் போறவன் எவனும் அந்த ஓட்டையைத் திறந்து விட்டிட்டு நித்திரை கொள்ளமாட்டான்."

"வேப்பமரத்துக்குக் கீழ என்ன கடலப்பா?"

கட்டையை அரிசி வாளிக்குள் ஒளித்தேன். மனுசன் பழைய செருப்பை வெட்டி வேறொன்று செய்துவிட்டார். பொல்லாப்புக்குச் செய்யவில்லை, பாவம். அந்த ஓட்டையைக் கண்டால் கை தானாகப் போகிறது.

நத்தாருக்கு முதல்நாள் கோயிலில் பாலன் குடில் கட்ட உதவிக்குப் போனேன். அதற்கு முன்னே இரண்டு நாள் மழை. அன்றைக்கும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், வள்ளம் விளிம்பு வரை தண்ணீர். என் சலாது முழுக்க வேரோடு கழன்று, தாராக் குஞ்சுகள் மாதிரி சுற்றிச் சுற்றி மிதக்கிறது. பக்கத்தில் மனுசன், இடுப்பில் கை வைத்தபடி.

"பாத்தியே, இந்த வயசிலயும் ஒரு சொட்டு ஒழுகேல்லை!"

நான் சேற்றிலேயே இருந்துவிட்டேன். "நாளைக்கு அரிப்பில என்ர முகத்தை எப்பிடிக் காட்டுறது?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஓடிப்போய், காலையில் இறால் வாரிய கைவலையைத் தூக்கிக்கொண்டு வந்து வள்ளத்தில் ஏறினார். ஆள் சலாது பிடிக்கத் தொடங்கினார்!

"அந்தா, முன் அணியத்துப் பக்கம் பெரிசொண்டு ஓடுது! விடாதேங்கோ!" நான் கரையில் நின்று கத்தினேன்.

"கத்தாதையடி, கலையப் போகுது!"

எதற்குக் கலையப் போகிறதோ தெரியாது. ஒன்றையும் விடாமல் பிடித்துவிட்டோம்.

மறுநாள் அரிப்பில், வேரை வெட்டி, பச்சை வெங்காயமும் போட்டு, தேசிக்காய்ப் புளியும் விட்டு நான்தான் கலந்து வைத்தேன். சம்பந்தி ஒரு வாய் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"மச்சாள், உண்மையைச் சொல்லோணும். கடையில வாங்கினது பல்லில மண் கடிக்கும். இதில ஒரு மண் இல்லை. உப்பும் அளவாய் இருக்கு."

நான் உப்புப் போடவேயில்லை. கைவலையையும் யாரும் கழுவவில்லை. மனுசன் என்னைப் பார்த்தார், நான் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தேன்.

"வாற கிழமை வருசப் பிறப்புக்கும் நீங்கள்தான் கொண்டரோணும்" என்று சொல்லிச் சம்பந்தி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

"ஓம் மச்சாள், அதுக்கென்ன" என்றேன். அந்த நேரம் வள்ளத்துக்குள் இருந்தது தண்ணீரும் இரண்டு தவளையும்தான்.