பட்டறைக்கு அகலக் கதவு

எங்கள் தெருமுனைக் கிடங்கில் வயதான காவல்காரர் ஒருவர் இருந்தார். ஒரு கோடையில் அவருடைய மேஜை மின்விசிறி நின்றுபோக, அக்காவிடம் கொண்டுவந்தார். அக்கா பிரித்துப் பார்த்தாள். உள்ளே கம்பி சுற்றிய காயில் கருகி, தொட்டாலே உதிர்ந்தது. அதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து மாட்டிக் கொடுத்தாள். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. உள்ள தூசி அடைச்சிருந்துச்சு. துடைச்சேன், ஓடிருச்சு. தூசி துடைச்சதுக்கெல்லாம் யாராவது காசு வாங்குவாங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். கருகிய காயிலை அக்கா முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவுக்கு ஒரு கடையில் மோட்டார் கட்டும் வேலை. தண்ணீர் மோட்டாரோ மிக்ஸியோ, கருகிப்போன கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிப் போடுவாள். ஆளும் ஒல்லி, வேலையும் கம்பி என்பதால் கடையில் அவளுக்குக் 'கம்பி' என்றே பெயர். "என்ன வேலைன்னு கேட்டா, நாள் பூரா கம்பி எண்ணுறேன்னு சொல்லிடாதீங்கப்பா. ஜெயில்ல இருக்கேன்னு நெனச்சுக்குவாங்க" என்று அவளே சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அத்தான் தவறிவிட்டார். அக்கா அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து பின்னறையில் இருந்துகொண்டாள். முன்பக்கம் தம்பி குடும்பம். எனக்கு அடுத்த தெருவில் வீடு. அம்மா போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வீட்டைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்தோம். கொல்லைப்புறம் அக்காவுக்கு என்பது வாய்ப்பேச்சு. கூடப் பிறந்தவனிடம் வாய்ப்பேச்சு போதும் என்றிருந்தோம்.

கடையில் அவளுக்கு ஒரு ஸ்டூல் மட்டும்தான். கழிப்பறைக் கதவை யார் திறந்தாலும் அவள் எழுந்து வழிவிட வேண்டும். "எனக்குன்னு ஒரு மேஜை வேணும்டி. நான் வச்ச கட்டர் வச்ச இடத்துலயே இருக்கணும்" என்பாள். ஆண்டவனிடம் அவள் தனக்காகக் கேட்டது அந்த ஒன்றுதான். அவளுக்குப் பக்கத்தில் நின்று நானும் கேட்டிருக்கிறேன்.

கொல்லையில் பட்டறை போடப் போவதாக அவள் சொன்னபோது எங்களைவிடத் தம்பிக்குத்தான் சந்தோஷம். அவனுக்கு ஒரு பெயிண்ட் கம்பெனியில் விற்பனை வேலை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒரு யோசனை சொல்லுவான். அக்கா அவனை 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுவாள். லீவு நாள் வந்தால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளோடு மண் சுமந்தான். அக்கா கலவை போட்டாள், ஒயரிங்குக்குச் சுவரை வெட்டினாள். ஒரு பழைய இரும்பு பீரோவுக்குள் குண்டு பல்புகளை மாட்டி, வார்னிஷ் போட்ட மோட்டாரைக் காயவைக்கும் அடுப்பாக்கினாள்.

கதவு வைக்கும் நேரத்தில் தம்பி டேப்பைப் பிடித்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அகலம் காட்டினான். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, உள்ள மோட்டார் கட்டப் போறீங்களா, யானை கட்டப் போறீங்களா?"

"நாளைக்குப் பெரிய கம்பெனி மோட்டாரெல்லாம் வண்டியோட வந்து இறங்கும் மேஸ்திரி. அப்ப வந்து சுவத்த இடிப்பீங்களா?" என்றான் தம்பி.

பின் சந்திலிருந்து உள்ளே ஏற ஒரு சரிவும் அவன் சொல்லித்தான் போட்டார்கள். தரையைக் கழுவிவிடக் குழாயும் மேலே ஒரு ஜன்னலும் வைக்கச் சொன்னதும் அவன்தான். "மேஜைய ஓரமா ஒட்டிப் போடுக்கா. நடுவுல காலியா விடு, காத்து நல்லா வரும்."

அன்றைக்கு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது. "பாத்தியாடி, என் தொழில் எவ்வளவு பெருசா வரும்னு நெனக்கிறான்! நானே அவ்வளவு நெனக்கலடி."

பட்டறை முடிந்ததும் கடை வேலையை விட்டாள். "போறதுன்னா போ, கம்பி. திரும்பி வந்தா ஸ்டூல் காலியா இருக்காது, பாத்துக்க" என்றார் முதலாளி. "ஸ்டூல நீங்களே வச்சுக்குங்க. எனக்கு நாற்காலியே இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சில மாதம் நன்றாக ஓடியது. மதியத்தில் நான் போய் இன்சுலேஷன் பேப்பர் வெட்டிக் கொடுப்பேன். வைத்த கட்டர் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஒரு சாயங்காலம் பின் சந்தில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால், புதுக் காரில் தம்பி. பக்கத்தில் அவன் மனைவி. வண்டி சரிவில் ஏறி நேரே உள்ளே வந்தது. திருப்பவில்லை, ஒடிக்கவில்லை. இரண்டு பக்கமும் கதவைத் திறந்து இறங்க மட்டும் இடம் விட்டு, அச்சில் வார்த்தது போல நின்றது. தம்பி மனைவி இறங்கினாள். வாயெல்லாம் பல்.

"நீங்க அளந்தது அப்படியே இருக்குங்க!"

அக்கா கையில் பாதி சுற்றிய காயில். தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னைக்கு ஒரு நாளைக்குக்கா. வெளிய நின்னா யாராவது கீறிடுவாங்க" என்றான்.

ஒரு நாள் என்றது தினமும் ஆயிற்று. பிறகு மழை என்று பகலிலும் நின்றது. வார்னிஷ் வாடை சீட்டில் ஏறுகிறது என்று பீரோ அடுப்பு வெளியே போய் நனைந்தது. கடைசியில் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அதற்கு ஒரே சாவிதான்.

நான் போய்க் கேட்டேன். தம்பி காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், அது அக்கா பட்டறைடா."

"நான் இல்லேன்னு சொன்னேனா? நான் வண்டிய எடுத்துட்டுப் போனப்புறம் அது பாட்டுக்குச் செஞ்சுக்கட்டும்."

"நீ வேலைக்குப் பஸ்லதானடா போற?"

துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். "எம் பேர்ல இருக்கற எடத்துல என் வண்டிய நிறுத்த நான் யாரக் கேக்கணும்?"

எனக்குச் சண்டை போடத் தெரியாது. வீட்டுக்கு வந்து விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை.

அக்கா கத்தவில்லை, அழவில்லை. மறுநாள் கதவு திறந்திருந்த நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் காரை அளந்தாள், கதவை அளந்தாள். சரிவை, குழாயை, மேலே இருந்த ஜன்னலை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சரிவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இடம் போனாப் போகுதுடி. எனக்காக நெனச்சு அவன் ஒண்ணாவது செஞ்சானான்னு தேடினேன். அந்த ஜன்னலாவது எனக்குன்னு நெனச்சிருந்தேன். அதுவும் வண்டிப் புகை வெளிய போறதுக்குத்தான்."

பழைய கடையில் ஸ்டூல் காலியில்லை. வேறு ஊரில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஆள் கேட்டார்கள். கிளம்பும்போது, "காரிலேயே கொண்டுபோய் விடறேன்க்கா" என்று தம்பி வந்து நின்றான். அக்கா அவனைத் தாண்டிப் போய் ஆட்டோவில் ஏறினாள்.

பஸ் நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். அதன்பிறகு போனில் பேசியதோடு சரி, அவளை நான் பார்க்கவில்லை. போன வருடம் அந்த ஊரிலேயே கண்ணை மூடிவிட்டாள். ஆண்டவன் அவளுக்கு அங்கே ஒரு நல்ல மேஜையாகப் போட்டுக் கொடுத்திருப்பான்.

அன்றைக்குப் பஸ் உறுமத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அவன மன்னிச்சிடுக்கா. கெட்டவன் இல்ல. மனசுல ஏதோ தூசி அடைச்சிருக்கு, அவ்வளவுதான்."

அக்கா என் கைமேல் கை வைத்தாள்.

"தூசி இல்லடி. உள்ள காயிலே கருகிப்போச்சு. கருகினதையும் திரும்பக் கட்டலாம், அது என் தொழில்தானே. ஆனா எல்லாத்தையும் நானே கட்டிக் கொடுத்துட்டு, நானே தூசின்னும் சொல்லி அனுப்பணுமா? இந்த ஒண்ண அவனே கட்டட்டும்."