மேப் அறையில் கிரேஸ்

பொன்மலரின் அப்பா ஐசக், ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்பவர். அது போதும், பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவளை ஒதுக்கி வைக்க. ஒன்பதாம் வகுப்பில் வசுந்தரா மூக்கைப் பிடித்தால் வகுப்பே பிடிக்கும். தண்ணீர்ப் பானையைச் சேரிப்பெண் தொடக்கூடாது. யாராவது மேலிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம்.

எழுபத்தேழு ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம், டீச்சர் இந்தியா மேப் கேட்டதாக வசுந்தரா சொன்னாள். மேப் அறைக்குள் பொன்மலர் நுழைந்ததும் வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு, தேய்ந்து போனது.

"கத்தாத. கத்துனா அவங்களுக்குத்தான் சந்தோஷம்."

ஸ்டூலில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெயில் அவளைத் தாண்டிச் சுவரில் விழுந்தது. நிழல் இல்லை.

"நீங்க யாரு?"

"கிரேஸ். உன் தெருதான். என்னையும் இங்கதான் பூட்னாங்க, ஒரு சனிக்கிழமை. எனக்கு மூச்சிழுப்பு. திங்கக்கிழமைதான் தொறந்தாங்க."

அவள் உயிரோடு இல்லை என்பது பொன்மலருக்குப் புரிந்தது. ஆனாலும் நகர்ந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அந்தப் பள்ளியில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை.

"பூட்னது யாருன்னு அப்ப ஒருத்தரும் கேக்கல. நீ போய்ப் பேரைச் சொல்லு."

தாழ்ப்பாள் தானாக விலகியது. வராந்தாவில் யாருமில்லை.

தலைமையாசிரியை சொர்ணத்திடம் வசுந்தராவின் பெயரைச் சொன்னாள். கிரேஸைப் பற்றியும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"எப்டியிருக்கா?" என்று கேட்டார் சொர்ணம்.

"ரெட்டைச் சடை போட்டு, நல்லா இருக்காங்க டீச்சர்."

"தாழ்ப்பாளப் போட்டது நான்தாம்மா. பதினாலு வயசு எனக்கு. திரும்பி வந்து தொறக்கணும்னுதான் இருந்தேன்." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் பிரேயரில் அதை எல்லோர் முன்பும் சொன்னார். பொன்மலரைப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு தரச்சொல்லி வாங்கிக் குடித்தார். வசுந்தராவின் அப்பா வந்து சத்தம் போட்டார், சொர்ணம் அசையவில்லை.

வசுந்தரா கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பொன்மலர் பலமுறை மேப் அறைக்குப் போய்ப் பார்த்தாள். கிரேஸ் வரவேயில்லை. அதற்காக இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள்.

பத்தாவதில், சைரா என்ற வாணியம்பாடிப் பெண் புதிதாகச் சேர்ந்தாள். நேராக வந்து, "தள்ளி உக்காரு, எனக்கும் எடம் வேணும்" என்றாள். எண்பத்து நான்கில் இருவரும் சேர்ந்தே நர்ஸ் படிப்பை முடித்தார்கள்.